ஒரே தோட்டா, இரண்டு துப்பாக்கி

போன வாரம் போட்ட படத்தில் என் பக்கத்தில் நிற்கும் பெரியவர் யார், அவர் கையில் இருப்பது என்ன துப்பாக்கி என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். "சார், வாத்தியாருக்கு எதுக்கு சார் துப்பாக்கி?" என்று பழைய மாணவர் ஒருவர் சிரிப்புப் படம் போட்டிருந்தார். பிரம்பைத் தவிர வேறு ஆயுதம் ஏந்தியவன் இல்லை நான். அதையும் பணிக்காலத்தின் பாதியிலேயே கீழே வைத்துவிட்டேன். ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே. நீளமான பதிவு இது. நேரம் இருப்பவர்கள் மட்டும் படிக்கவும்.

மகளும் மாப்பிள்ளையும் இருப்பது அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம். ஆறு மாத விசாவில் வந்திருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு வயது 74. மர வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. என்னை 'டீச்சர்' என்று கூப்பிடுவார். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று அவர் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு வாயில் 'சார்' என்றுதான் வருகிறது. இந்த ஊரில் மான் வேட்டை என்பது நம் ஊர் ஜல்லிக்கட்டு மாதிரி. நவம்பர் கடைசியில், நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். வீட்டுக்கு வீடு ஆரஞ்சு நிறச் சட்டை கொடியில் காயும். 1973 ஜனவரி 1-ஆம் தேதியும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் பாதுகாப்புப் பாடம் படித்துத் தேறினால்தான் உரிமம் வாங்கலாம். பாடம், தேர்வு என்றதும் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

பெரியவரிடம் முன்பு இருந்தது .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற ரைஃபிள். தோளில் அறுவை சிகிச்சை ஆன பிறகு அதன் உதையைத் தாங்க முடியவில்லை. விற்றுவிட்டார். அதற்குப் பதிலாக அவர் தேடியது அதைவிடப் பெரிய துளை உள்ள துப்பாக்கி! தோள் வலிக்கிறவர் பெரிய துப்பாக்கியைத் தேடுவானேன் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். தன் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்.

அவர் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. ஈயத்தைக் காய்ச்சி, அச்சில் ஊற்றி, குண்டைத் தானே வார்க்கிறார். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சேர்த்து வைத்து, புது விதை (அடியில் இருக்கும் சின்ன மூடியைச் சொல்கிறேன், அடி விழுந்ததும் பொறி தருவது அதுதான்) பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அழுத்தி உட்கார வைக்கிறார். இதற்கென்றே திருகு அழுத்தி, தராசு, அளவுகோல் எல்லாம் மேசையில் வரிசையாக இருக்கின்றன.

வார்த்த ஈயக் குண்டுக்கு ஒரு குணம் உண்டு. அதை மிக வேகமாக விரட்ட முடியாது. துப்பாக்கிக் குழாயின் உள்ளே திருகு திருகாகக் காடி வெட்டியிருப்பார்கள். அதுதான் குண்டைச் சுழல வைத்து நேராக அனுப்புகிறது. மேக்னம் ரைஃபிளின் குண்டுக்குச் செம்பு உறை போட்டிருக்கும், அது தாங்கும். வெறும் ஈயம் அந்த வேகத்தில் காடியைப் பிடிக்காமல் வழுக்கும், உருகித் தேய்ந்து குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு குறி தவறும். ஆகவே வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகம் குறைந்தால் வலு குறையும். அந்த வலுவை எங்கிருந்து எடுப்பது? எடையிலிருந்து. எடை வேண்டுமென்றால் குண்டு பெருக்க வேண்டும், குண்டு பெருத்தால் துளையும் பெருக்க வேண்டும். பெரிய துளைத் துப்பாக்கியைத் தேடியதன் கணக்கு இதுதான்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். குண்டின் எடையை இவர்கள் 'கிரெயின்' என்ற அளவில் சொல்கிறார்கள். ஒரு குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின். அவருடைய பழைய மேக்னம் குண்டு 180 கிரெயின், ஒன்றரைப் பவுன்கூட இல்லை. நொடிக்குச் சுமார் 900 மீட்டர் பறக்கும். இப்போது அவர் வார்க்கும் குண்டு 405 கிரெயின், மூன்றேகால் பவுன். நொடிக்குச் சுமார் 400 மீட்டர்தான். ஒன்று ஸ்கூட்டர், மற்றது மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி. மெதுவாகப் போகிற அந்தக் குண்டை மிதமான மருந்தில் சுட்டால் உதை, பெரியவரின் சொல்லில், 'அறைகிற மாதிரி இல்லை, தள்ளுகிற மாதிரி' இருக்குமாம். 11 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் என்பதால் அது உள்ளே போய் விரிய வேண்டிய அவசியமும் இல்லை.

தூரத்துக்கு ஆகாது என்பதுதான் குறை. 100 கெஜத்துக்குக் குறி வைத்துச் சரிசெய்தால் 200 கெஜத்தில் சுமார் இரண்டடி கீழே இறங்கிவிடும். இங்கே காட்டில் மரம் அடர்த்தி, மான் தெரிவதே ஐம்பது அறுபது கெஜத்தில்தான். போதும்.

ஈயத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுத்த ஈயம் நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மெத்து. அதில் வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்த்தால் இறுகும். இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்பது அவருடைய கலவை. அலமாரியில் கறுத்த கட்டிகள் சில இருந்தன. எடுத்துக் காட்டி, 'லைனோடைப்' என்றார். அச்சகத்து ஈயம்! நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்த காலத்தில் அரையாண்டுத் தேர்வு வினாத்தாளை அச்சகத்தில் எழுத்து எழுத்தாகக் கோர்ப்பார்கள். மெய்ப்புத் திருத்தப் போனால் விரலெல்லாம் கறுப்பு. அந்த எழுத்துகளும் ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்த இதே குடும்பத்து உலோகம்தான். லைனோடைப்பில் ஆன்டிமனி மட்டும் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு. அச்சகங்கள் மூடியபோது இங்கே பழைய எழுத்தைக் குண்டு வார்ப்பவர்கள் வாங்கிக் குவித்தார்களாம். எழுத்து குண்டாகிவிட்டது என்று நான் சொன்னேன். மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். பெரியவர் சிரிக்கவில்லை. நகைச்சுவை கப்பல் ஏறினால் கெட்டுப்போகும் போல.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன். அவர் மனதில் இருந்த தோட்டாவின் பெயர் .45-70. 1873-இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டது. 0.45 அங்குல அளவு, 70 கிரெயின் கரிமருந்து, அதுதான் பெயரின் பொருள். அந்த ஆண்டு வந்த ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கிக்குப் பின்பக்கம் பெட்டி மூடி போல மேலே திறக்கும். அதனால் 'டிராப்டோர்' என்று செல்லப்பெயர். 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் கஸ்டர் படையிடம் இருந்ததும் இதன் குட்டை வடிவம்தான். எதிரே நின்றவர்கள் தங்கள் நிலத்தைக் காத்துக்கொள்ள வந்த பழங்குடிகள். அந்தப் பத்தாண்டில் இது போன்ற பெரிய துளைத் துப்பாக்கிகள்தான் கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமைகளை 1880-களின் இறுதியில் சுமார் ஆயிரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தின. இதைப் பெரியவரிடமும் சொன்னேன். மறுக்கவில்லை. "உண்மைதான் டீச்சர், அதனால்தான் இப்போது உரிமத்தில் எண்ணிக்கை எழுதித் தருகிறார்கள்" என்றார்.

விஷயம் என்னவென்றால், அவர் வீட்டுச் சுவரில் அப்படி ஒரு டிராப்டோர் தொங்குகிறது. தாத்தா வழி வந்தது. அலங்காரப் பொருள் அல்ல. வருடத்துக்கு ஒருமுறை இறக்கி, எண்ணெய் போட்டு, நாலைந்து தோட்டா சுடுவார். பதின்மூன்று வயதுப் பேரனும் கூட நின்று சுடுவான்.

புதிதாக வாங்க அவர் பார்த்து வைத்தவை: ரூகர் நம்பர் ஒன், மார்லின் 1895, பெரியது .458 வின்செஸ்டர் மேக்னம். கடைசியாகச் சொன்னது ஆப்பிரிக்காவில் யானை, காட்டெருமைக்கு என்று 1956-இல் வந்த தோட்டா. விஸ்கான்சின் மானுக்கு அது எதற்கு? மருந்தைக் குறைத்துப் போட்டு ஈயக் குண்டு சுடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மிக்கல்லைத் தூக்கி வந்து பூண்டு நசுக்குகிற கதை. அதை அவரே தள்ளிவிட்டார்.

மனசு நின்றது ரூகரில். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. பின்னால் கனத்த எஃகுக் கட்டை கீழே இறங்கி மேலே ஏறி அடைக்கும். .45-70 சுடும் துப்பாக்கிகளில் வலுவானவற்றில் ஒன்று. மார்லின் என்பது கைப்பிடியைக் கீழே இழுத்துத் தோட்டா மாற்றும் வகை, கௌபாய் படங்களில் பார்த்திருப்பீர்கள். தோட்டாக்கள் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக, முன்னதன் விதையில் பின்னதன் மூக்கு இடிக்கும்படி நிற்கும். கூர்மூக்குக் குண்டு போட்டால் உதையில் முன்னது வெடித்துவிடலாம். அதற்காகவே தட்டை மூக்கு. பெரியவரிடம் இருந்த லைமன் அச்சு 405 கிரெயின் தட்டை மூக்குதான்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. .45-70-க்கான மருந்து அளவுப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். ஒரே தோட்டாவுக்கு மூன்று தனித்தனிப் பகுதி. டிராப்டோருக்கு ஒன்று, மார்லின் போன்றவற்றுக்கு ஒன்று, ரூகருக்கு ஒன்று. முதல் பகுதியில் அழுத்தம் மிகக் குறைவு, மூன்றாவதில் மிக அதிகம். கடைத் தோட்டாவுக்கான பொது வரம்பே சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டுதான், .300 மேக்னத்துக்கு அது 64,000. அப்படி அடக்கி வைத்ததே 1873-ஆம் ஆண்டுத் துப்பாக்கிகள் இன்னும் வீடுகளில் இருப்பதால்தான். ஆனால் கொட்டகையில் தானே தயாரிப்பவரை யார் அடக்குவது? மூன்று பகுதித் தோட்டாவும் வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கும். மூன்று துப்பாக்கியிலும் சுகமாக உள்ளே போகும். ரூகருக்குச் செய்ததை டிராப்டோரில் போட்டுச் சுட்டால், முகத்துக்கு ஒரு சாண் முன்னால் அந்த மூடி இருக்கிறது.

நான் பத்து வருடம் தர்மபுரி மாவட்டத்து மலையடிவாரப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தேன். பென்னாகரம், ஜவளகிரி பக்கமெல்லாம் கென்னத் ஆண்டர்சன் தன் .405 வின்செஸ்டரோடு புலியும் சிறுத்தையும் தேடி அலைந்த காடு என்று படித்தவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நான் பார்த்தது வேறு. ஊருக்குள் நாட்டுத்துப்பாக்கி ஒளிந்திருக்கும். 1972 சட்டம் வந்து வேட்டை நின்றது என்பது காகிதத்தில். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த பையனின் அப்பா ஒருவர், மாற்றுச் சான்றிதழில் கையெழுத்துப் போட வந்தார். இடது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் இருந்தன. என்ன ஆயிற்று என்று கேட்டேன். "மருந்து கொஞ்சம் கூடிப்போச்சு சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். குழாய் வெடித்ததைப் பையன் பிறகு சொன்னான், பக்கத்தில் நின்றிருக்கிறான்.

அந்த ஒரு வரியைப் பெரியவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். கூடவே ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு விதியையும் சொன்னேன். அறிவியல் அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு பாட்டிலில் இரண்டு திரவம் வைக்காதே. சீட்டு ஒட்டினாலும் வைக்காதே. சீட்டு உரியும், பிள்ளை படிக்காமல் எடுக்கும். உங்கள் வீட்டில் ஒரே தோட்டாவில் பலவீனமான துப்பாக்கி ஒன்றும் பலமானது ஒன்றும் இருக்கப்போகின்றன. பேரன் இருக்கிறான். வேறு அளவுத் தோட்டாத் துப்பாக்கி வாங்குங்கள் என்றேன்.

அவருக்குக் கோபம்தான் வந்தது. ஐம்பது வருடமாகத் தோட்டா செய்கிறேன், பெட்டிக்குப் பெட்டி எழுதி வைக்கிறேன், இதுவரை ஒன்று தவறியதில்லை என்றார். அது உண்மைதான், பெட்டிகளைப் பார்த்தேன், கையெழுத்து அச்சு மாதிரி. நான் சொன்னேன்: நீங்கள் தவற மாட்டீர்கள் சார். நீங்கள் இல்லாத வருடம் ஒன்று வரும், அப்போது பெட்டி இருக்கும்.

மாப்பிள்ளை என்னை முறைத்தார். இந்த ஊரில் அப்படியெல்லாம் நேரடியாகப் பேசமாட்டார்களாம். மகளும் இரவு சாப்பாட்டில், "அப்பா, அவரு வயசானவருப்பா" என்றாள். எனக்கும் அறுபத்தேழு ஆகிறது என்று சொல்லிவிட்டு மோர் சாதத்தைப் பிசைந்தேன்.

மூன்று நாள் அவர் வெளியே வரவில்லை. நான்காம் நாள் காலையில் வேலிக்கு வந்து நின்றார். வேறு அளவுக்கு மாறுவதில்லை, இந்த அச்சும் கருவிகளும் மனைவி வாங்கித் தந்தவை என்றார். அதை அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அந்தப் பேச்சை எடுத்திருக்கவே மாட்டேன். ஆனால் வேறொன்று முடிவு செய்திருந்தார். இனி வீட்டில் ஒரே ஒரு அளவு மருந்துதான், புத்தகத்தின் முதல் பகுதியில் உள்ளது, டிராப்டோர் தாங்குவது. மானுக்கு அது தாராளம், தோளுக்கும் அதுதான் நல்லது. ஆகவே ரூகர் வேண்டாம். அவ்வளவு வலுவான துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு மென்மையான மருந்தே போடுவது தன்னால் ஆகாது, ஒருநாள் கை அரிக்கும் என்றார். தன்னை அறிந்தவர்.

மார்லின்தான் என்று ஆனது. அதிலும் தேர்வு இருந்தது. பழைய மார்லின்கள் பலவற்றில் 'மைக்ரோ குரூவ்' என்று ஆழமில்லாத பன்னிரண்டு காடி. மெத்தென்ற ஈயத்துக்கு அது சரியான பிடிப்புத் தராது என்பது அவர் கட்சி. 1990-களின் இறுதியில் ஆழமான காடிக்கு மாறினார்கள். 2020-இல் மார்லின் பெயரை ரூகர் நிறுவனம் வாங்கிவிட்டது, அவர்கள் செய்யும் புதியது விலை கூட. கடைசியில் ஆழக்காடி உள்ள ஒரு பழையதைப் பார்த்துப் பிடித்தார். வெற்றுத் தோட்டா பக்கவாட்டில் வெளியேறுவதால் மேலே சின்னத் தொலைநோக்கி பொருத்த முடிகிறது. கண்புரை எடுத்த கண்ணுக்கு அது தேவை.

கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் வாங்கும் முன்பே ஒரு சோதனை செய்ய விட்டார். மெத்தென்ற ஈய உருண்டை ஒன்றை எண்ணெய் தடவிக் குழாய்க்குள் மெல்லத் தட்டி அனுப்பி, மறுபக்கம் எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தார். காடியின் அச்சு அதில் பதிந்திருக்கிறது. குண்டு அந்த அளவைவிட ஆயிரத்தில் ஒரு அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். சிறுத்தால் மருந்தின் சூடான வாயு பக்கவாட்டில் புகுந்து ஈயத்தை அரித்துவிடும். தலைமுடியைவிட மெல்லிய அந்த வித்தியாசத்துக்காக ஒரு மனிதர் முக்கால் மணி நேரம் நின்றதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனை பிள்ளைகளிடம் 'ஸ்கேலை நேராப் பாருடா' என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன்!

இன்னொரு மாற்றமும் செய்தார். இது நான் சொன்னதல்ல, அவரே யோசித்தது. .45-70-இன் கூடு கரிமருந்துக்காகச் செய்த பெரிய கூடு. இன்றைய புகையற்ற மருந்து கொஞ்சமே போதும் என்பதால் பாதிக்கு மேல் காலியாக இருக்கும். கவனப்பிசகாக இரண்டு தடவை ஊற்றினாலும் வெளியே தெரியாது. அதனால் கன அளவு கூடிய மருந்தாகத் தேர்ந்துகொண்டார். இரண்டாவது தடவை ஊற்றினால் பொங்கி வழிந்து காட்டிக்கொடுக்கும். வேகமாக எரியும் கைத்துப்பாக்கி மருந்து டப்பாக்களை அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டார்.

பேரனைக் கொட்டகைக்குள் ஈயம் காய்ச்சும்போது விடக்கூடாது என்று நான் பிடித்த பிடிவாதத்தில் மட்டும் பாதிதான் ஜெயித்தேன். ஈயம் 327 டிகிரியில் உருகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் மொத்தமும் தெறிக்கும். அதைவிடப் பெரிய கேடு ஆறிய பிறகு மேலே படியும் தூசி, கையிலிருந்து வாய்க்குப் போவது. பிள்ளைகளின் மூளைக்கு ஈயம் ஆகவே ஆகாது. இப்போது பையன் வார்க்கும்போது வெளியே நிற்கிறான், குண்டுக்கு மெழுகு தடவும்போது கையுறையோடு உள்ளே வருகிறான். பெரியவர் தன் ரத்தத்தையும் சோதித்துக்கொண்டு வந்தார். மருத்துவர் கொட்டகைக்குக் காற்றாடி வைக்கச் சொல்லியிருக்கிறார்.

கழுகு விஷயமும் உண்டு. வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுவரும் குடலில் ஈயத் துணுக்கு இருக்கும், அதைத் தின்று வெண்தலைக் கழுகுகள் நஞ்சேறுகின்றன. 2022-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, சோதித்த கழுகுகளில் கிட்டத்தட்ட பாதியின் எலும்பில் நாள்பட்ட ஈய நஞ்சு இருந்ததாகச் சொன்னது. கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது. மெதுவாகப் போகும் கனத்த குண்டு அவ்வளவாகச் சிதறாது என்பது பெரியவர் வாதம். அப்படியே இருந்தாலும் புதைத்துவிட்டு வாருங்கள் சார் என்றேன். மண்வெட்டியை வண்டியில் போட்டுக்கொண்டார்.

சீசனின் இரண்டாம் நாள் ஒரு பெண் மான். அறுபது கெஜம், ஒரே தோட்டா. தொடைக்கறி எங்கள் வீட்டுக்கும் வந்தது. மாப்பிள்ளை மிளகு போட்டு வறுத்தார். என் வீட்டம்மா அந்தச் சட்டியைத் தொடமாட்டேன் என்று தனியாக ரசம் வைத்துக்கொண்டார்கள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். கொஞ்சம் ஈரல் வாடை.

டிராப்டோர் இன்னும் சுவரில்தான். அதன் விசைக் காப்பு வளையத்தில் பெரியவர் ஒரு பித்தளைத் தகடு கட்டியிருக்கிறார். இதில் கடைத் தோட்டா எதையும் போடாதே என்று ஆணியால் பொறித்த எழுத்து. சீட்டு உரியும் என்று நான் சொன்னதற்குப் பதில் அது. ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமா என்றும் யோசிக்கிறார். சிகாகோவில் இருக்கும் மகன் கூடாது, அது பேரனுக்குச் சேர வேண்டியது என்கிறார். ஞாயிறு தோறும் தொலைபேசியில் இதே பேச்சு. எங்களுக்கு டிசம்பர் 14 விமானம்.